நம்ம கோயில் கிராண்ட் எங்கே இருக்கு?

 

நீளமான பதிவு. பசியாறிட்டு, நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் பத்ரகாளியம்மன் கோயில் விவகாரம் வெடிச்சதிலிருந்து, நம்ம புலனக் குழுக்களில் ரெண்டே பேச்சுதான் மாறி மாறி வருது. இளைஞர்கள், "இந்த நாட்டுல நமக்கு மதச் சுதந்திரமே கிடையாது"ன்னு சொல்றாங்க. பெரியவங்க, "வந்த இடத்துல அடக்கமா இருக்கணும், சத்தம் போட்டா இருக்கிறதும் போயிடும்"னு சொல்றாங்க. எனக்கு ரெண்டும் சரியாப் படலை. நான் வழக்கறிஞர் கிடையாது. கோயில்ல அன்னதானத்தையும் கோப்பு அலமாரியையும் பார்த்துக்கிற தொண்டன். அந்தக் கோப்பு அலமாரி பக்கம் நின்னு பார்த்தா இந்த விஷயம் வேற மாதிரி தெரியுது.

முதல்ல "வந்த இடம்" பேச்சை எடுத்துக்குவோம். ஜார்ஜ்டவுனில் பழைய பிட் ஸ்ட்ரீட், இப்போ ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். அந்தத் தெருவில் ஒரு தடவை நிதானமா நடந்து பாருங்க. ஒரு பக்கம் 1818இல் கட்டி முடிச்ச செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அடுத்து சீனர்களின் குவான் யின் கோயில். கொஞ்சம் தள்ளி நம்ம குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன். அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்திய கம்பெனி நிலம் கொடுத்தது 1801இல். அதே 1801இல்தான், தென்னிந்தியர்களின் கப்பித்தானாக இருந்த பெட்டி லிங்கம் செட்டியிடம் நம்ம மாரியம்மன் நிலமும் கொடுக்கப்பட்டது. 1833இல் அது முறையான கோயிலாக எழுந்தது. பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி ஏத்தினது 1786இல். அதாவது ஊர் உருவாகிப் பதினைஞ்சு வருஷத்துக்குள்ள அம்பாளுக்கு எழுத்தில் நிலம் வந்தாச்சு. இதுல விருந்தாளி யாரு?

கம்பெனிக்காரனை வள்ளல்னு நான் சொல்ல வரலை. அவனுக்குக் கப்பல் சரக்கு இறக்க ஆள் வேணும், கடை போட வியாபாரி வேணும். கோயிலும் பள்ளிவாசலும் இருந்தா ஆள் தங்கும், அவ்வளவுதான் அவன் கணக்கு. 1807இல் பினாங்குக்கு முதல் நீதிமன்றம் வந்தபோது, அதை அமைத்த அரச சாசனத்திலேயே இங்குள்ள மக்களின் மதங்களையும் பழக்கவழக்கங்களையும் கருத்தில் கொள்ளணும்னு எழுதப்பட்டது. அதுவும் ஆட்சி நடத்த வசதிக்காகத்தான். ஆனா ஒண்ணு கவனிங்க. வியாபாரக் கணக்குல கொடுத்ததா இருந்தாலும், கொடுத்தது வெறும் வாய்வார்த்தையா இல்லை. நிலம். அதுக்கு ஒரு தாள். இருநூறு வருஷத்துக்கு மேலாச்சு, குயின் ஸ்ட்ரீட்ல அம்பாளை யாரும் நகரச் சொல்லலை.

அடுத்த கதை நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களும் வெளியே சொல்றதில்லை, ஏன்னா அது நமக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பினாங்கில் பள்ளிவாசல் சொத்துகளும் கோயில் சொத்துகளும் சீர்குலைய ஆரம்பிச்சிருந்தன. அறங்காவலர் இறந்துபோவார், அடுத்தவர் நியமிக்கப்பட மாட்டார். வாடகை வரும், கணக்கு வராது. அதனால 1905இல் நீரிணைக் குடியேற்ற அரசு ஒரு சட்டம் போட்டது. ஓர் அறக்கட்டளை முறைகேடா நடத்தப்பட்டாலோ, அதைப் பார்க்க அறங்காவலரே இல்லாவிட்டாலோ, அரசு நியமிக்கும் வாரியம் அதை எடுத்து நடத்தலாம். 1906இல் பினாங்கில் வந்தது முகமதிய, இந்து அறக்கட்டளை வாரியம். ரெண்டு சமயத்துக்கும் ஒரே வாரியம்! சுதந்திரத்துக்குப் பிறகு முஸ்லிம் வக்பு சொத்துகள் மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்புக்குப் போயின. மிச்சம் நின்றதுதான் நாம இன்னிக்குப் பார்க்கிற பினாங்கு இந்து அறப்பணி வாரியம். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மனும் தண்ணீர்மலை உச்சியில் உள்ள பாலதண்டாயுதபாணியும் அதன் கீழேதான் வருகிறார்கள்.

இதுல முக்கியம் என்னன்னா, வெள்ளைக்கார அரசு சும்மா உள்ளே புகுந்துடலை. நாம திறந்துவிட்ட கதவு வழியாத்தான் வந்தது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். 1817இல் சென்னையில் கம்பெனி ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, கோயில் சொத்துகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயிலை நிர்வகிப்பதா என்று பாதிரிமார்கள் லண்டன் வரை சத்தம் போட்டார்கள். 1840களில் கம்பெனி கையை எடுத்துக்கொண்டது. 1863இல் அதை முறைப்படுத்தி ஒரு சட்டமும் வந்தது. அரசு ஒதுங்கியதும் கோயில்கள் செழித்ததா? நிலம் கைமாறியது, வழக்குகள் பெருகின. கடைசியில் நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் காலத்தில், 1925இல் இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. இன்றைக்கு இருக்கும் அறநிலையத் துறைக்கு அதுதான் பாட்டன். அங்கே அரசு கையை எடுக்கணும்னு இப்பவும் ஒரு தரப்பு போராடுது, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 1954இல் சிரூர் மடம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமே, சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம், ஆனால் வழிபாட்டு முறைக்குள் அரசு நுழையக் கூடாது என்று கோடு போட வேண்டி வந்தது. இருந்தாலும் அரசு வந்த காரணத்தை மறந்துட்டுப் பேசினா அது பாதிக் கதைதான்.

சரி, நம்ம நாட்டுக்குத் திரும்புவோம். மலாய் மாநிலங்களில் நடந்தது வேற. 1874 பங்கோர் ஒப்பந்தத்தில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சொல்வதை சுல்தான் எல்லாவற்றிலும் கேட்கணும், மலாய்க்காரர்களின் சமயமும் வழக்கமும் மட்டும் அதில் சேராது என்று எழுதினார்கள். ஆட்சியை எடுத்துக்கொண்டு சமயத்தை சுல்தானிடம் விட்டான் வெள்ளைக்காரன். சமயம் மாநில விஷயம் என்ற இன்றைய ஏற்பாட்டுக்கு வேர் அங்கேதான். பினாங்கில் சுல்தான் இல்லை. அதனால இங்கே இஸ்லாமியத் தலைமை மாமன்னரிடம் இருக்கு.

1956, 57இல் அரசியலமைப்பை எழுத ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் பிரிட்டனின் ரீட் பிரபு. அவரோடு ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் பி. மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீது. கூட்டணிக் கட்சி, இஸ்லாம் அதிகாரத்துவ மதமாக இருக்கணும், ஆனால் மற்றவர்கள் தங்கள் மதத்தைக் கடைப்பிடிக்க அது தடையாகக் கூடாது என்று கேட்டது. குழுவின் பெரும்பான்மை அந்த வாசகத்தைச் சேர்க்கவில்லை. அப்துல் ஹமீது மட்டும் சேர்க்கணும்னு தனிக் குறிப்பு எழுதினார். இன்னொரு வேடிக்கை, ஆரம்பத்தில் சுல்தான்களே இதற்கு ஒப்பவில்லை. தங்கள் மாநிலத்தில் சமயத் தலைவர் தாங்களாக இருக்கும்போது கூட்டரசு எதற்கு உள்ளே வரணும் என்பது அவர்கள் கவலை. கடைசியில் அந்த வாசகம் சேர்ந்தது. அது நாட்டின் மதச்சார்பற்ற நிலையைப் பாதிக்காது என்று 1957 வெள்ளை அறிக்கையில் எழுதியும் வைத்தார்கள்.

அப்படி வந்ததுதான் 3ஆம் விதி. இஸ்லாம் கூட்டரசின் சமயம், மற்ற சமயங்களை நாட்டின் எந்தப் பகுதியிலும் அமைதியோடு கடைப்பிடிக்கலாம். இது அரசு கொடுக்கும் சலுகைக் கடிதம் கிடையாது, சட்டத்துக்கெல்லாம் மேலான சட்டம். 11ஆம் விதியை உங்கள் பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டுங்க. மதத்தைப் பின்பற்றும் உரிமை. வேற மதத்துக்கென்றே ஒதுக்கப்படும் வரியைக் கட்டாமலிருக்கும் உரிமை. ஒவ்வொரு சமயக் குழுவும் தன் காரியத்தைத் தானே நிர்வகிக்கவும், அறநிலையங்களை வைத்திருக்கவும், சொத்து வாங்கி ஆளவும் உரிமை. பள்ளியில் பிற மதப் போதனையைப் பெறும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாதுன்னு 12ஆம் விதி சொல்லுது. "சுதந்திரமே இல்லை"ன்னு சொல்ற தம்பி தங்கைகள் இதைத் தெரிஞ்சுக்கணும். இல்லாத உரிமைக்காக அழறதும், இருக்கிற உரிமையைக் கேட்டு வாங்குறதும் வேற வேற.

எல்லாம் பாலும் தேனுமா ஓடுதுன்னு நான் சொல்லலை. இந்திரா காந்தி என்ற ஈப்போ தாயை எல்லாருக்கும் தெரியும். 2009இல் அவருடைய மூன்று பிள்ளைகளையும் அவர் சம்மதம் இல்லாமல் தகப்பன் மதம் மாற்றினார். 1988இல் சேர்த்த 121(1ஏ) பிரிவைக் காட்டி, இது சிவில் நீதிமன்றத்தின் வேலையில்லை என்று வாதம் வந்தது. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோர் இருவர் சம்மதமும் வேணும், அந்த மதமாற்றம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. பெரிய தீர்ப்பு. ஆனா 2025லயும் அந்தம்மா தன் இளைய மகளைக் கண்டுபிடிச்சுக் கொடுங்கன்னு போலீஸைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே.

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். நம்ம கோயில்கள் இடிபடும்போது அங்கே மோதுவது பெரும்பாலும் 3ஆம் விதியும் 11ஆம் விதியும் இல்லை. மோதுவது நிலச் சட்டம். சொத்து வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும்போதே 11ஆம் விதி, சட்டத்துக்கு உட்பட்டு என்று சேர்த்துச் சொல்லுது. அந்தச் சட்டம் 1965 தேசிய நிலச் சட்டம். அமலுக்கு வந்தது 1966 ஜனவரி 1. அது ரொம்பக் கறார். பதிவேட்டில் யார் பெயரோ அவருக்குத்தான் நிலம். அரசு நிலமானாலும் தனியார் நிலமானாலும் நூறு வருஷம் அங்கேயே இருந்தேன், தினமும் விளக்கேத்தினேன் என்பதால் உரிமை வராது. நிலம் மாநில அரசின் அதிகாரம் என்பதால் புத்ராஜெயா நினைச்சாலும் நேரா எதுவும் செய்ய முடியாது.

நம்ம கோயில்கள் எங்கே பிறந்தன? தோட்டத்தில், ரயில்வே லயத்தில், பொதுப்பணி ஊழியர் குடியிருப்பில். தோட்டத் துரைக்கும் கம்பெனிக்காரன் கணக்குதான், கோயில் இருந்தா கூலி ஓடமாட்டான். அதனால இடம் காட்டினான், சில இடத்தில் பலகையும் செங்கல்லும் கூடக் கொடுத்தான். ஆனா தாள் கொடுக்கலை. துரை போனான், தோட்டம் துண்டு துண்டா விலைபோச்சு, அடுத்தடுத்த கைகள் மாறி மேம்பாட்டாளர் கைக்கு வந்தது. புது கிராண்டில் அம்மன் பெயர் இல்லை. நம்ம கெலுகோரே ஒரு காலத்தில் பிரவுன் குடும்பத்தின் எஸ்டேட்தான். தாமான் பிரவுன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. தோட்டம் வீட்டுமனையாக மாறும்போது என்ன ஆகும்னு நம்ம வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2007 அக்டோபர் 30, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை உடைத்தார்கள். அடுத்த மாதம் 25ஆம் தேதி இண்ட்ராப் அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர் தெருவில் இறங்கினார்கள். 2008 மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது, பினாங்கு ஆட்சியும் மாறியது. அதற்கு முன் ஜனவரியிலேயே கூட்டரசுப் பிரதேசத்தில் தைப்பூசத்துக்கு விடுமுறை அறிவிச்சாச்சு. பினாங்கில் நாம பல வருஷமா அனுபவிச்ச விடுமுறை அங்கே அவ்வளவு விலை கொடுத்து வந்தது. அதனால "சத்தம் போடாதே"ன்னு சொல்ற பெரியவங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன்: அன்னிக்கு யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?

ஆனா சத்தத்துக்கும் எல்லை இருக்கு. 2018 நவம்பரில் சுபாங் சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலில் நடந்ததை நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. நிலம் மேம்பாட்டாளருடையது. நிர்வாகம் யாருக்கு என்று நம்ம ஆட்களே ரெண்டு அணியாகப் பிரிந்து நீதிமன்றம் வரை போனவர்கள். 2014இல் நீதிமன்றத்தில் பதிவான இணக்கத் தீர்ப்பு ஒரு தரப்புக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் இரவில் ஆட்கள் புகுந்து கலவரம், வாகனங்கள் எரிந்தன, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர் முகமது அடிப் காயப்பட்டு டிசம்பர் 17இல் இறந்தார். ஒரு தாய்க்குப் பிள்ளை போனது. 11ஆம் விதி கொடுத்த "உங்கள் காரியத்தை நீங்களே நிர்வகியுங்கள்" என்ற உரிமையை நாம ஒழுங்கா நிர்வகிச்சிருந்தா, அந்த நிலத்தில் கதை வேற மாதிரி போயிருக்கும்னு நான் நம்புறேன்.

மஸ்ஜித் இந்தியாவும் அதே நிலப் பிரச்சினைதான். 130 வருஷப் பழமை என்று சொல்லப்படும் கோயில். அது நின்ற நிலத்தை கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2014இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது, அந்த நிறுவனம் அங்கே பள்ளிவாசல் கட்ட முடிவு செய்தது. பேச்சுவார்த்தை நடந்தது. சுமார் 50 மீட்டர் தள்ளி 4,000 சதுர அடி இடம், இந்தத் தடவை கோயிலுக்கென்றே முறையாக ஒதுக்கப்படும் நிலம். இதைத் தோல்வின்னு சிலர், வெற்றின்னு சிலர். எனக்கு மனசு வலிக்கத்தான் செய்யுது. அம்மன் இருக்கும் நிலத்தை விற்கும்போது அங்கே கோயில் இருக்குன்னு விற்றவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் முதல் தடவையா அந்த அம்மனுக்கு ஒரு தாள் கிடைக்குதுன்னா, அதை நான் அலட்சியமா பேசமாட்டேன்.

மாநில அரசுகளிடம் நாம கேட்க வேண்டியது தெளிவானது. மேம்பாட்டுக்கு முன்பே, பலதுக்குச் சுதந்திரத்துக்கு முன்பே, இருந்த கோயிலை "சட்டவிரோதம்" என்று பட்டியல் போடுவது நியாயமில்லை. அந்த மக்களுக்கு அன்று கிராண்ட் வாங்க வழியே இருந்ததில்லை. இருக்கிற இடத்தை வழிபாட்டு நிலமாக கெஜட் பண்ணணும், இல்லேன்னா மாற்று நிலம் கைக்கு வந்த பிறகுதான் இயந்திரம் வரணும். ரோட்டோர மரத்தடியில் நேத்து ராத்திரி முளைச்ச கொட்டகைக்கும் இதையே கேட்பேன்னு நினைக்காதீங்க, கேட்க மாட்டேன். அப்படி ஆளாளுக்குக் கட்டறதுதான் பழைய கோயிலுக்கான வாதத்தைக் கெடுக்குது.

அறப்பணி வாரியத்தின் கீழே போகலாமா வேண்டாமா என்ற சண்டையிலும் என் கருத்தைக் கேட்டாங்க. பதினைஞ்சு வருஷத்துக்கும் மேலா அதன் தலைவர்கள் ஆளுங்கட்சி அரசியல்வாதிகளா இருப்பது எனக்கு உவப்பில்லை. வாரியம் தன் கணக்கை ஆண்டுதோறும் பக்தர்கள் பார்க்கிற இடத்தில் வைக்கணும். ஆனா தனியா இருக்கணும்னு மார்தட்டுற கோயில், தன் பொதுக்கூட்டத்தைச் சரியா நடத்துதா? சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போகுதா? ரெண்டு அணி, ரெண்டு உண்டியல், ரெண்டு ரசீதுப் புத்தகம்னு இருந்துட்டு, அரசு தலையிடக் கூடாதுன்னு பேச நமக்கு என்ன முகம் இருக்கு?

நம்ம வட்டாரத்தில் உள்ள சின்னக் கோயில்கள் சிலதில் கையில் இருப்பது கிராண்ட் இல்லை, டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமம். அது ஒவ்வொரு டிசம்பர் 31க்கும் காலாவதியாகும். ஒருத்தர் பெயரில் இருந்தா அவர் இறந்ததும் அதுவும் முடிஞ்சது, பிள்ளைக்கு மாறாது. தாத்தா பெயரில் இருக்கு, பணம் கட்டிட்டு வர்றோம்னு நிம்மதியா இருக்கிறவங்க இந்த வாரமே எடுத்துப் பாருங்க. கிராண்ட் இருக்கிற கோயிலும் பாருங்க, அதில் உள்ள அறங்காவலர்கள் உயிரோடு இருக்காங்களா? இல்லேன்னா அதைச் சரி பண்ண வழக்கறிஞர் வேணும், காலம் வேணும். இயந்திரம் வந்து நிற்கும்போது ஆரம்பிக்கிற வேலை இல்லை அது.

அதனால ஒரு வேண்டுகோள். வர்ற ஞாயிறு மாலை பூஜைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் பின்பக்கம் ஒரு மேசை போட்டு உட்காரப் போறோம். நானும் இன்னும் ரெண்டு தம்பிகளும். உங்க வீட்டு அலமாரியில், பாட்டியோட இரும்புப் பெட்டியில், பழைய கும்பாபிஷேக மலர், திருவிழா நோட்டீஸ், நன்கொடை ரசீது, தண்ணீர் மின்சார பில், கோயில் பின்னால தெரியுற கல்யாணப் போட்டோ, எது இருந்தாலும் கொண்டு வாங்க. தேதி தெரியுற தாள்னா ரொம்ப நல்லது. இந்த இடத்தில் இந்தக் கோயில் எப்போதிலிருந்து இருக்குன்னு காட்ட அதுதான் சாட்சி. ஒரிஜினலை யாரும் வாங்கிக்க மாட்டோம். அங்கேயே படம் எடுத்துட்டு உங்க கையிலேயே திருப்பிக் கொடுத்துடுவோம். வயசானவங்க வர முடியலேன்னா சொல்லுங்க, நாங்க வீட்டுக்கு வர்றோம். சுண்டல் உண்டு.